கையில 15,000 ரூபா இருக்கு, மரக்கடைசல் பழகணும், எங்க இருந்து ஆரம்பிக்க?

பாளைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில வாடகை வீடு, மொட்டை மாடியில ஒரு தகர ஷெட்டு சும்மா கெடக்கு. பகல்ல ஆபீஸ் சோலி, ஞாயித்துக்கெழம ஃப்ரீ. ரொம்ப நாளா மரக்கடைசல், அதாவது மிஷின்ல கட்டைய சுத்த விட்டு உளியால வடிவம் எடுக்குத வேலை, பழகணும்னு ஆசை. யூடியூப்ல வெள்ளக்காரங்க பெரிய பெரிய மரத்துண்டா மாட்டி கிண்ணம் கடையுறத பாத்துப் பாத்து கண்ணு பூத்துப் போச்சு, ஆனா அவங்க மிஷின் வெலய பாத்தா என் பைக்க வித்தாலும் பத்தாது. எங்கிட்ட எல்லாம் சேத்து 15,000 ரூபா இருக்கு, அதுக்கு மேல போனா வீட்ல சோறு கெடைக்காது.

ஆன்லைன்ல கை ட்ரில் மிஷின மாட்டி ஓட்டுத மாதிரி ஒரு சின்ன செட்டு கொறஞ்ச வெலைக்கு வருது, அத வாங்கலாமா? இல்ல கொஞ்சம் கூட போட்டு சீனா மினி லேத்தா (சின்ன கடைசல் மிஷின்)? இல்ல நாமளே செஞ்சுக்கிடலாமா? வெல்டிங் எனக்கு தெரியாது, ஸ்குரூ முடுக்குவேன், ஒயரிங் ஓரளவு தெரியும். மரம் எங்க கெடைக்கும்? பழகுனவிய யாராவது இருந்தா சொல்லுங்க.

உடங்காட்டான்:
தம்பி, மொதல்ல அந்த ட்ரில் செட்ட மறந்துருங்க. கை ட்ரில்லு பேரிங் நேரா அமுக்குத அழுத்தத்துக்குன்னு செஞ்சது, பக்கவாட்டுல உளிய வச்சு தள்ளிக்கிட்டே இருந்தா சீக்கிரமே சக்கு, அதாவது முனையில கவ்விப் பிடிக்குத வாயி, ஆட ஆரம்பிச்சுரும். பேனா, டிராயர் குமிழு அளவுக்கு ஓட்டலாம், அதுக்கு மேல தாங்காது.

நான் நாங்குநேரி பக்கம், தோட்டத்து ஷெட்ல நானே கட்டுன லேத்துதான் ஓடுது. மோட்டாருதான் அதுக்கு உசுரு. வயிண்டிங் கடையில பழைய அரை எச்பி சிங்கிள் பேஸ் மோட்டார் கேளுங்க, தகட்டுல வேகம் (ஆர்பிஎம், நிமிசத்துக்கு எத்தன சுத்து) 1440-ன்னு போட்டிருக்கா பாருங்க. 2880-ன்னு போட்டிருந்தா அது தண்ணி மோட்டார் வேகம், நமக்கு கூடுதல். மிக்ஸி மோட்டார், கட்டிங் மிஷின் மோட்டார் இதெல்லாம் சவத்த கிட்டயே கொண்டாராதீங்க, அதோட வேகத்துக்கு கட்டை பறந்துரும். பழைய ட்ரெட்மில் மோட்டாரு கன்ட்ரோலரோட கெடச்சா லாட்டரி அடிச்ச மாதிரி, வேகத்த நெனச்சபடி கூட்டி கொறைக்கலாம், ஆனா நம்ம பக்கம் அது லேசுல அம்புடாது.

அடியில ரெண்டு சி சேனல் (C வடிவ இரும்பு), நடுவுல கொஞ்சம் சந்து விட்டு போல்ட்டு போட்டு இறுக்கணும், அந்த சந்துலதான் கட்டையோட மறுமுனைய தாங்குத வால் பக்கமும் உளிய சாத்தி வைக்குத டூல் ரெஸ்ட்டும் முன்ன பின்ன நகரும். கட்டைய சுத்துத தலப்பக்கம் 205 நம்பர் பிளம்மர் பிளாக் (பேரிங் உக்காந்திருக்க கூடு) ரெண்டு, அதுல 25 எம்எம் ஷாஃப்ட். ஷாஃப்ட்ட இரும்பு லேத் பட்டறையில குடுத்தா முனையில மரை போட்டு தந்துருவாங்க. மரை போடச் சொல்லும்போது வாய்க்கு வந்த அளவு சொல்லாதீங்க, பின்னால வாங்கப்போற சக்கு எந்த மரையோ அதப் போடச் சொல்லணும், சின்ன லேத்துக்கு 1 இஞ்ச் 8 மரைன்னு (1 இஞ்ச் விட்டம், இஞ்ச்சுக்கு 8 மரை) சக்கு நெறைய வருது. மோட்டாருக்கும் ஷாஃப்ட்டுக்கும் படிக்கப்பி (படிப்படியா பல விட்டம் இருக்க கப்பி) போட்டா பெல்ட்ட மாத்தி மாத்தி வேகத்த கொறைக்கலாம். மோட்டார்ல 2 இஞ்ச் கப்பி, ஷாஃப்ட்டுல 4 இஞ்ச் கப்பின்னா 1440 பாதியாயி 720.

வேகத்துக்கு ஒரு கணக்கு இருக்கு. கட்டையோட விட்டம் இஞ்ச்சுல எவ்வளவோ அத ஆர்பிஎம்மால பெருக்குனா 6000-ல இருந்து 9000-க்குள்ள நிக்கணும். 6 இஞ்ச் கட்டைன்னா 1000-ல இருந்து 1500. கோணலும் மாணலுமா இருக்க கட்டைன்னா இதுலயும் கீழ இருந்து ஆரம்பிங்க, உருண்டையான பெறவு ஏத்திக்கிடலாம்.

வெல்டிங் தெரியலன்னு கவலப்படாதீங்க, எல்லாத்தையும் போல்ட்டுலயே முடிக்கலாம். தலையில இருக்க முனையும் வால் முனையும் கிட்ட கொண்டுவந்தா ஒண்ணோட ஒண்ணு முட்டணும், அதுல மட்டும் விட்டுக் குடுக்காதீங்க. கீழ ஸ்டாண்டுல ரெண்டு மணல் மூட்டைய போட்டா அதிர்வு பாதி அடங்கிரும்.

சும்மா_இருலே:
ஏன்வே இந்த சோலி? பூரிக்கட்டை கடையில அம்பது அறுவது ரூவாய்க்கு விக்கான்.

பாளைக்காரன்:
அண்ணாச்சி, பிரியாணியும் கடையில விக்கான், அதுக்காக ஞாயித்துக்கெழம நீங்க வீட்ல அடுப்பு பத்த வைக்காம இருக்கியளா 😄

கடைசல்வீட்டுப்_பேரன்:
ரெண்டு நாளா இந்த பேச்ச பாத்துட்டு சும்மா இருக்க முடியல. அம்பாசமுத்திரம்தான் சொந்த ஊரு, தாத்தா காலத்துல இருந்து சொப்பு சாமான் கடையுத வீடு. நான் வேற வேலைக்கு போயிட்டேன், லீவுக்கு ஊருக்கு வந்தா உளி பிடிக்கத்தான் செய்வேன். சொப்பு சாமானுக்கு புவிசார் குறியீடு கெடச்சுட்டுன்னு பேப்பர்ல வந்த பெறவு எல்லாரும் அம்பைய பத்தி பேசுதாவ, ஆனா அந்த அம்மி, ஆட்டுக்கல்லு, உரலு, திருவை, குடம்னு ஓலைப்பெட்டிக்குள்ள அடுக்கி வரும்லா, அதையெல்லாம் எந்த மாதிரி மிஷின்ல கடையுதாவன்னு போய் பாத்தவிய கம்மி. பாத்தியள்னா உங்க பட்ஜெட் கவலையே போயிரும். ஒரு மோட்டாரு, ஒரு பெல்ட்டு, ஒரு தலை, சாத்தி வைக்க ஒரு கம்பி, அம்புட்டுதான்.

நாலு தாடை சக்கெல்லாம் கெடையாது. மிஷின் தலையில ஒரு குழி இருக்கும், கட்டையோட ஒரு முனைய கூம்பா கொத்தி அந்த குழிக்குள்ள வச்சு சுத்தியலால ரெண்டு அடி, கட்டை இறுகிரும். சின்ன சாமானுக்கு வால் பக்கப் பிடிப்பே வேண்டாம், அதனால முனையிலயும் கடையலாம், உள்ள குழியும் தோண்டலாம். சக்குக்கு ஒதுக்குத காச மிச்சம் பிடிச்சு சாணைக்கும் உளிக்கும் போடுங்க. என்னைக் கேட்டா மிஷினவிட சாணைதான் மொதல்ல வாங்கணும்.

உளி விசயம் சொல்லுதேன். லாரி பட்டை, அதாவது லீஃப் ஸ்பிரிங், பழைய இரும்புக்கடையில எடைக்கு கெடைக்கும், அத கொல்லாசாரிக்கிட்ட குடுத்தா அடிச்சு பதம் போட்டு உளியா தருவாரு. எங்க வீட்ல இருக்கது எல்லாம் அப்படி அடிச்சதுதான். பழைய அரத்த தீட்டி உளியாக்குங்கன்னு நெட்ல நெறைய பேரு சொல்லுதாங்க, கேக்காதீங்க. அரம் ரொம்ப கடினம், ஆனா மொறுமொறுன்னு ஒடியும், சுத்துத கட்டையில சிக்குனா துண்டு தெறிச்சு மொகத்துக்கு வரும்.

ஸ்பிரிங் பட்டை உளிய சாணையில பிடிக்கும்போது அவசரப்படக்கூடாது. முனை நீலம் பூத்துதுன்னா பதம் போச்சுன்னு அர்த்தம், அதனால பக்கத்துல ஒரு வாளி தண்ணி வச்சு தொட்டு தொட்டு பிடிக்கணும். எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) உளின்னா இந்த தொல்லை கெடையாது, சூடு தாங்கும், ஒரு தடவ தீட்டுனா நின்னு வெட்டும், வெலதான் கூட. நீங்க ஒரே ஒரு எச்எஸ்எஸ் குழி உளி வாங்குங்க, சாய்வு உளியும் துண்டிக்குத உளியும் ஆசாரிக்கிட்ட அடிச்சுக்கிடுங்க. ஒரு வருசத்துக்கு அது போதும்.

பழகும்போது கைய எப்படி வைக்கணும்னா, உளியோட சரிவு இருக்குல்லா, அதோட குதிங்காலு பாகம்தான் மொதல்ல மரத்துல படணும், வெட்டு முனை படவே கூடாது. அப்படி வச்சா வெட்டாது, சும்மா வழுக்கிக்கிட்டு நிக்கும், ஒரு மாதிரி சரசரன்னு சத்தம் வரும். அந்த நெலையில இருந்து பிடிய பைய மேல தூக்கணும், நூல் அளவு தூக்குனாலே முனை இறங்கி மரம் சுருள் சுருளா வர ஆரம்பிக்கும். சுருள் வந்தா சரி. மாவு மாதிரி தூளா கொட்டுச்சுன்னா உளி மொண்ணை, சுரண்டிக்கிட்டு இருக்கியன்னு அர்த்தம், நிப்பாட்டிட்டு சாணைக்கு போங்க. எங்க தாத்தா மிஷின பாக்காமலே, தரையில கெடக்க சீவல மட்டும் பாத்துட்டு எவன் உளி மொண்ணையின்னு சொல்லிருவாரு.

பட்டறைக்கு ஒரு நாள் நேர்ல வாங்க. வெலைக்கு நாலு சாமான் வாங்குங்க, பேச்சு குடுங்க, யாரும் வெரட்ட மாட்டாங்க. வரும்போது ஃபோட்டோ எடுக்க கேட்டுக்கிட்டு எடுங்க.

குற்றாலச்சாரல்:
தம்பி, நான் தென்காசி. பிள்ளைய ஸ்கூலுக்கு அனுப்பிட்டு காலையில கொஞ்ச நேரம் கடையுவேன். உடங்காட்டான் அண்ணாச்சி சொல்லுதது நல்ல வழிதான், ஆனா ஒண்ண யோசிங்க, அண்ணாச்சிக்கு கைவேலை எல்லாம் தெரியும், உங்களுக்கு லேத் கட்டுததே ஒரு ஹாபியாயி கடைசல் பக்கமே போவாம ஆறு மாசம் ஓடிரும். அந்த சேனல், பேரிங், ஷாஃப்ட், கப்பின்னு ஒவ்வொண்ணா வாங்குனா துளித்துளியா காசு போறது தெரியாது. செகண்ட் ஹேண்ட் மினி லேத் கோயம்புத்தூர் பக்கமெல்லாம் விக்காங்க, மொடங்கிக் கெடக்கதா பாத்து பேரம் பேசுனா உங்க காசுக்குள்ள வரும். வாங்கப் போனா ஷாஃப்ட்ட கையால பிடிச்சு மேலயும் கீழயும் ஆட்டிப் பாருங்க, லொட லொடன்னா வேண்டாம். ரெண்டு முனையும் முட்டுதான்னு பாருங்க. வால் பக்க ஓட்டை எம்டி 2 (மோர்ஸ் டேப்பர்ங்கிற கூம்பு ஓட்டையில 2-ம் நம்பர்) அளவா இருந்தா பின்னால எந்த சாமானும் லேசா கெடைக்கும்.

உளி தீட்டுதது பழக நாளாவும், அது உண்மை. அதுக்குள்ள மனசு வெறுத்துரக் கூடாதுன்னா ஒரு குறுக்கு வழி, கார்பைடுங்கிற ரொம்ப கடினமான வெட்டு முனை. இரும்பு லேத்துக்கு விக்கிற வட்ட கார்பைடு பில்லை இருக்குல்லா, அதுல மரத்துக்குன்னு கூர்மையா வர்றத வாங்கி 12 எம்எம் சதுரக் கம்பி முனையில மரை போட்டு ஒரு ஸ்குரூவுல முடுக்கி நல்ல நீளமா பிடி போட்டா டூல் ரெடி. முனை மழுங்குனா பில்லைய கொஞ்சம் திருப்பி முடுக்குனா புது முனை, சாணையே வேண்டாம். ஒழுங்கா தீட்டுன உளி குடுக்குத வழவழப்பு வராது, மணல் தாள் நெறைய தேய்க்கணும், பேரன் தம்பி இத படிச்சா மொறைப்பாரு, ஆனாலும் ஆரம்பிக்கிறவனுக்கு கை நடுங்காம இருக்க இது நல்லது.

இன்னொண்ணு, இத எல்லாரும் கடைசியில சொல்லுதாங்க, நான் நடுவுலயே சொல்லுதேன். மொகத்துக்கு ஃபேஸ் ஷீல்டு இல்லாம சுவிட்ச் போடாதீங்க, வெறும் கண்ணாடி பத்தாது. துண்டு, லுங்கி, தொங்குத சட்டைக்கை, வளையல், மோதிரம் ஒண்ணும் கூடாது. கை உறை போடவே போடாதீங்க, நூலு சிக்குனா கையையும் சேத்து இழுத்துரும். சுவிட்ச் போடுததுக்கு முன்ன கட்டைய கையால ஒரு சுத்து சுத்தி டூல் ரெஸ்ட்டுல தட்டுதான்னு பாருங்க. போடும்போது கட்டைக்கு நேரா நிக்காம ஒதுங்கி நில்லுங்க. தூசிக்கு மாஸ்க் கட்டாயம், அதுவும் வாகை மரத்தூள் தும்மித் தும்மியே ஆள கொன்னுரும். மோட்டார் ஷெட்டுல இருக்கதால எர்த்து ஒழுங்கா இருக்கான்னு ஆள விட்டு பாத்துருங்க.

பாளைக்காரன்:
அக்கா, அண்ணாச்சி, பேரன் எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நீங்க சொன்னத படிச்ச பெறவு மிஷின் அவசரம் கொறஞ்சிருக்கு. மூணு சந்தேகம். மரம் பத்தி இன்னும் யாரும் சொல்லலியே, தேக்கு வாங்க கட்டுப்படியாகுமா? கிண்ணம் எப்ப கடையலாம்? கீழ வீட்டு ஆச்சிக்கு சத்தம் கேக்காம ஓட்ட முடியுமா?

உடங்காட்டான்:
தேக்கு எதுக்கு தம்பி? மரத்துக்கு காசே குடுக்காதீங்க. இங்கன எல்லாரும் திட்டிக்கிட்டு இருக்க சீமைக்கருவேலம் இருக்கே, நம்ம சீமை உடை, அது கடைசலுக்கு எப்பேர்ப்பட்ட மரம்னு யாருக்கும் தெரியல. அமெரிக்காவுல மெஸ்கீட்டுன்னு கடைசல்காரங்க தேடி வாங்குத மரத்துக்கு இது தாயாதி. காயும்போது சுருங்குதது ரொம்ப கம்மி, அதனால வெடிப்பும் கம்மி. உள்ள வைரம் நல்ல காப்பிக் கலரு, ஓரம் மஞ்சளு, ரெண்டும் சேந்து வந்தா பாத்துக்கிட்டே இருக்கலாம். என்ன ஒண்ணு, நேரான கட்டை கெடைக்காது, அரையடி ஒரு அடின்னு துண்டாத்தான் எடுக்கணும், கடினமா இருக்கதால உளி சீக்கிரம் மொண்ணையாவும். கரி மூட்டம் போடப்போற விறகுல நல்ல துண்டா பொறுக்குனா போதும்.

அது போக பூவரசு. கடையுததுக்கு வெண்ணெய், பாக்கவும் அழகு. கொய்யா, மா, வேம்பு எல்லாம் யார் வீட்டுலயாவது வெட்டிக்கிட்டேதான் இருப்பாங்க. சவுக்குல ஆரம்பிக்காதீங்க, கல்லு, வெடிப்பும் ஜாஸ்தி. பனை ஆகவே ஆகாது, நாரு நாரா பிச்சுக்கிட்டு வரும். தூத்துக்குடி பக்கம் இறக்குமதி பெட்டி உடைச்ச பைன் கட்டை கெடைக்கும், பழக நல்லது, ஆனா உள்ள ஆணி இருக்கான்னு காந்தம் வச்சு பாத்துட்டு மாட்டுங்க.

குற்றாலச்சாரல்:
வெட்டுன உடனே ரெண்டு முனையிலயும் மெழுகோ, மிஞ்சுன பெயிண்டோ தடவிருங்க தம்பி. தண்ணி முனை வழியாத்தான் வேகமா வெளிய போவும், முனை முந்திக் காஞ்சு நடு ஈரமா இருந்தா பிளந்துரும். உங்க பக்கம் ஆடிக்காத்து அடிக்குத அடிக்கு காத்துல போட்டா ஒரே வாரத்துல விரிசல் ஓடிரும், நிழல்ல, காத்து நேரா படாத எடத்துல வைங்க. பொதுவா ஒரு இஞ்ச் கனத்துக்கு ஒரு வருசம்னு சொல்லுவாங்க, அதான் முழுசா காஞ்ச பெறவுதான் கடையணும்னு இருந்தா நமக்கு வயசாயிரும். பச்சையிலயே கடையலாம், சீவல் நாடா நாடாவா வரும், அவ்வளவு சொகம். கிண்ணம்னா மொதல்ல தடியா கடைஞ்சிருங்க, 6 இஞ்ச் விட்டத்துக்கு முக்கால் இஞ்ச் கனம் நிக்கட்டும், அதோட சீவலுக்குள்ளயே பொதச்சு ஒரு காகிதப் பையில போட்டு சில மாசம் வச்சா நெளிஞ்சு காயும், அதுக்குப் பெறவு திரும்ப மாட்டி வட்டமா கடைஞ்சுக்கிடலாம். ஆனா கிண்ணத்துக்கு நாரு குறுக்க வரும், உளி சிக்குச்சுன்னா ஒரு உதறு உதறும், அதனால அது பெறவு. முரட்டு கட்டைய உருட்டுததுக்குன்னு விக்குத பெரிய குழி உளிய கிண்ணத்துக்கு கொண்டுபோயிராதீங்க, அதோட வால் மெலிசு, முறிஞ்சுரும்.

சத்தம் பெருசா இருக்காது, கட்டை உருண்டையான பெறவு மிக்ஸி அளவு கூட வராது. அதிர்வுதான் கீழ இறங்கும், ஸ்டாண்டு காலுக்கு அடியில தடி ரப்பர் போடுங்க. முதல்ல கடையுத மத்துக்கம்ப ஆச்சிக்கு குடுத்துருங்க, பெறவு வாயே தொறக்க மாட்டாவ.

கடைசல்வீட்டுப்_பேரன்:
அக்கா கார்பைடு பத்தி சொன்னத படிச்சேன், மொறைக்கல, சிரிச்சேன் 😊 தம்பி அதையும் ஒண்ணு வச்சுக்கிடுங்க, ஆனா தீட்டப் பழகுதத தள்ளிப் போடாதீங்க.

மொதல் வேலை என்னன்னு கேட்டா பம்பரம். சின்ன கட்டை போதும், வால் பிடிப்பு வேண்டாம், தலை உருண்டை, அடி கூம்பு, மேல கயிறு நிக்க ஒரு வரி, எல்லா வளைவும் அதுலயே வந்துரும். ஆணி நடுவுல இறங்கலன்னா தலை ஆடும், உங்க கை எங்க தப்புச்சுன்னு பம்பரமே காட்டிக் குடுத்துரும். பெறவு மத்துக்கம்பு, பூரிக்கட்டை. பூரிக்கட்டை லேசுன்னு நெனைக்காதீங்க, ஒரு அடி நீளத்துக்கு நேரா ஒரே கனமா கொண்டு போறதுதான் கஷ்டம்.

அரக்கு போட்டு பாக்கணும்னு ஆசை வரும். கட்டை நல்லா காஞ்சிருக்கணும், ஈரத்துல போட்டா பொறிஞ்சு உதிந்துரும். மணல் தாள் போட்டு முடிச்ச பெறவு மிஷின் ஓடிக்கிட்டிருக்கும்போதே அரக்கு குச்சிய கட்டையில அழுத்தணும், உரசுத சூட்டுல உருகி ஒட்டும், திட்டுத் திட்டாத்தான் ஒட்டும், பயப்படாதீங்க. அதுமேல தாழை ஓலையை மடிச்சு வச்சு அழுத்தி இழுத்தா திட்டெல்லாம் பரவி கண்ணாடி மாதிரி பளபளப்பு ஏறும். அரக்கு வேண்டாம்னா ஆளிவிதை எண்ணெய் போடுங்க, அது காஞ்சு மரத்துல பிடிக்கும். தேங்கா எண்ணெய் காயாது, நாளாக நாளாக சிக்கு வாடை வரும். எண்ணெய் தொடச்ச துணிய சுருட்டி மூலையில போடாதீங்க, தானா சூடாயி தீப்பிடிக்கும், விரிச்சு வெளிய காயப் போடுங்க.

தாத்தா காலத்துல மஞ்சக்கடம்பு மரம்தான், இப்ப அது கெடைக்குதது கஷ்டம், யூகலிப்டஸ், ரப்பர்னு மாறியாச்சு. ரப்பர் மரத்துண்டு செங்கோட்டை பக்கம் கேட்டுப் பாருங்க, வெள்ளையா இருக்கும், கலர் நல்லா ஏறும்.

பாளைக்காரன்:
சரி, முடிவு பண்ணிட்டேன். 6 இஞ்ச் பெஞ்ச் கிரைண்டரும் ஒரு எச்எஸ்எஸ் குழி உளியும் ஃபேஸ் ஷீல்டும் இந்த மாசம். அடுத்த மாசம் அம்பை. மிச்ச காசுக்கு செகண்ட் ஹேண்ட் தேடுதேன், மூணு மாசத்துல அம்புடலன்னா அண்ணாச்சி சொன்ன மாதிரி கட்டிருவோம். ஒரே ஒரு கேள்வி, கட்டுனா மோட்டார் எந்தப் பக்கம் சுத்தணும்? ரெண்டு பக்கமும் சுத்துத மாதிரி சுவிட்ச் போட்டா நல்லதா?

உடங்காட்டான்:
கட்டையோட மேல்பக்கம் உங்களப் பாத்து வரணும், அப்பதான் உளி ரெஸ்ட்டு மேல அழுந்தி நிக்கும். ரெண்டு பக்க சுவிட்ச் வேண்டாம் தம்பி, நம்ம ஷாஃப்ட் மரை ஒரு பக்கம்தான் இறுகும், எதிர்ப்பக்கம் சுத்துனா சக்கு கழண்டு கட்டையோட வரும். சுவிட்ச வால் பக்கம் கைக்கு எட்டுத மாதிரி வைங்க, அணைக்கதுக்கு சுத்துத கட்டைய தாண்டி கைய நீட்டக்கூடாது. சீமை உடை வேணும்னா மழைக்கு முன்ன வாங்க, எங்க தோட்ட வேலியில வெட்டுதாங்க, முள்ளுக்கு நல்ல செருப்பா போட்டுட்டு வாங்க.